வேலப்பனை வாடகைக்கு விட்ட காலம்

வாடகைப் புத்தகக் கடை நடத்துகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது. ஏனென்றால் எல்லாக் கதைக்கும் முடிவு அவருக்குத் தெரியும். கதை உச்சத்தில் நிற்கும்போது அடுத்த பாகம் யார் வீட்டுப் பரணிலோ கிடக்கிறது என்று தெரிந்து தவித்தவர்களே, சரியாக சீரியல் நேரத்துக்குக் கரண்ட் போய்ப் பல்லைக் கடித்தவர்களே, நீங்கள் பட்டதையெல்லாம் நானும் பட்டிருக்கிறேன். அதனால் உங்களிடம் சொல்லலாம்.

எண்பதுகளில் விழுப்புரத்தில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போகிற வழியில், எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் கடை வைத்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. குடும்பக் கதை, துப்பறியும் கதை எல்லாம் இருந்தாலும் கடையைத் தூக்கி நிறுத்தியது ஒரே ஒரு ஆள்தான். வேலப்பன். செஞ்சிக் கோட்டையில் சாதாரணக் காவல்காரனாகச் சேர்ந்து, ஐந்து பாகத்தில் குதிரைப்படைத் தளபதியாக உயருகிற ஒரு சரித்திரக் கதாநாயகன். ஒவ்வொரு பாகத்திலும் ஒரு பெரிய சண்டை. பக்கத்து ஊர்க் கோட்டை என்பதால் எங்கள் ஜனங்களுக்கு அவன் சொந்தக்காரன் மாதிரி. 'வேலப்பன் இருக்காரா?' என்று கேட்டுக்கொண்டுதான் கடைக்குள் வருவார்கள். புதிதாக வந்த தபால்காரர் ரொம்ப நாள் என் வீட்டுக்காரர் பெயர் வேலப்பன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

கயிறு போட்ட புத்தகம்

முகையூர்ப் பக்கத்திலிருந்து கோவிந்தசாமி என்று ஒரு விவசாயி வருவார். மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டையை மண்டியில் இறக்கிவிட்டு நேராக என் கடைக்கு வந்து ஒரு பாகம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். அவர் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் மாட்டைக் கட்டிய பிறகு இவர் சத்தமாகப் படிப்பார். அந்த அம்மா முறத்தில் எதையாவது புடைத்துக்கொண்டே கேட்பார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்காருவார்களாம்.

முதல் பாகத்தில் வேலப்பன் கோட்டை அகழிக்குள் விழுகிற இடம் ஒன்று உண்டு. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் அரிசி விலை சொல்வது மாதிரி நிதானமாகப் படித்துக்கொண்டு போயிருக்கிறார். அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'உனக்கு முன்னாடியே தெரியும், நீ பஸ்ஸுலயே படிச்சிட்டே' என்று முறத்தைக் கீழே வைத்தவர் அப்புறம் பேசவில்லை. இரண்டாம் பாகம் எடுக்க வந்தபோது கோவிந்தசாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சணல் கயிறு இருக்கிறதா என்று கேட்டார். பார்சல் கட்டுவது மாதிரி புத்தகத்தை நாலு பக்கமும் சுற்றிக் கட்டினேன். அவர் சொன்னார்: “நல்லா இறுக்கிக் கட்டும்மா. முடிச்சு அவுந்திருந்தா சோறு கெடையாதுன்னு சொல்லியிருக்கா.”

கடைசிப் பக்கம்

அந்த இரண்டாம் பாகத்துக்குக் கொஞ்ச நாளில் ஒரு விபத்து நடந்தது. கடைசித் தாளைக் காணோம். கிழித்தவர் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. புதுப் பிரதி வரவழைக்கவும் வழியில்லை. அதனால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கடைசிப் பக்கத்தை நானே வாயால் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஜெயித்து வந்த வேலப்பனுக்குக் கோட்டைத் தலைவர் வாளைக் கொடுக்கிற காட்சி. நாலு பேருக்குச் சொன்ன பிறகு மலைப்படியில் லேசாக மழை தூற ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் பேருக்குச் சொன்ன பிறகு, கதாநாயகி கனகவல்லி மேலே மண்டபத்தில் நின்று பார்க்க ஆரம்பித்தாள். குதிரை கனைத்தது. நானாக எதையும் சேர்க்க வேண்டும் என்று சேர்க்கவில்லை. எதிரே இருக்கிற முகம் ஆவலாகப் பார்த்தால் வாய் தானாக அடுத்ததைச் சொல்லிவிடுகிறது.

பக்கத்துத் தெருவில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். அவருக்குப் பாண்டிச்சேரியில் மச்சான் வீட்டில் அதே புத்தகம் முழுசாகக் கிடைத்துவிட்டது. திரும்பி வந்ததும் கடைக்கு வந்து, கல்லாவுக்கு எதிரே நின்று, என்னையே பார்த்தார். 'மழையே பெய்யலீங்களே' என்றார். 'அப்படியா?' என்றேன். 'அந்தப் பொண்ணு வரவேயில்ல. வாளை வாங்குறான், முடிஞ்சிடுது' என்றார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்துவிட்டுச் சொன்னார்: “அச்சுல இருக்குறது சப்புனு இருக்குதுங்க. நீங்க மழையோட சொன்னதையே நான் வெச்சிக்கிறேன்.”

வெட்டாத பாகம்

மேல்சித்தாமூரிலிருந்து ஒரு சமண நயினார் வருவார். ரிடையரான தமிழ் வாத்தியார். எறும்பு ஊர்ந்தால்கூட நின்று வழிவிடுகிற மனுஷன். அவருக்கும் வேலப்பன் வேண்டும். கோட்டையில் எத்தனை மாசத்துக்குத் தானியம் சேர்த்து வைக்கிறார்கள், ஒற்றன் எந்த வழியாக வருகிறான், தண்ணீரை எப்படி மலைமேல் ஏற்றுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு உயிர். வாளை உருவினால் மட்டும் புத்தகத்தை மூடிவிடுவார். எங்கே திரும்பத் திறப்பது என்று தெரியாமல் தவிப்பார். அதனால் வெட்டு ஆரம்பிக்கிற பக்கத்தில் ஒரு சீட்டும், முடிகிற பக்கத்தில் ஒரு சீட்டும் வைத்துக் கொடுக்கும்படி என்னிடம் கேட்டுக்கொண்டார். பழைய காலண்டர் தாளைக் கத்தரித்து வைத்துக் கொடுத்தேன்.

அது எங்கே போய் முடிந்தது தெரியுமா? ரயில்வே இளவட்டங்கள் அந்தச் சீட்டைக் கண்டுபிடித்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருப்பதை மட்டும் படித்துவிட்டு அன்றைக்கே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நயினாரிடம் இதைச் சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை. குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, படியிறங்கும்போது சொன்னார்: “இந்த ஆளு ஒரு பாகம் பூரா யாரையும் வெட்டாம இருந்தா சொல்லி அனுப்பும்மா. முதல் பஸ்ஸப் புடிச்சி வந்துடறேன்.”

திண்டிவனத்தில் முதல் வாரம்

வேலப்பன் டிவியில் சீரியலாக வரப்போகிறான் என்று செய்தி வந்ததும் கடையில் கல்யாணக் களை. யார் நடிக்கிறார்கள், செஞ்சியில்தான் எடுக்கிறார்களா என்று ஒரே பேச்சு. எங்கள் வீட்டில் அப்போது டிவி கிடையாது. திண்டிவனத்தில் என் நாத்தனார் வீட்டில் கலர் டிவி இருந்தது. வியாழக்கிழமை மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு, பாசஞ்சரைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். அங்கே கூடம் நிறைய ஆட்கள். பாதிப் பேர் புத்தகம் படித்தவர்கள்.

முதல் காட்சியிலேயே கலவரம். வேலப்பன் ஒல்லியாக இருந்தான். மீசை மட்டும் பெரிசு. 'வேலப்பனுக்கு இடது புருவத்துல வெட்டுக்காயம் இருக்கணும், எங்க?' என்று ஒருவர் எழுந்தார். கோட்டைச் சுவர் காற்றில் ஆடியது. இரண்டு பக்கப் படைக்கும் ஒரே வெள்ளைக் குதிரை. வலப்பக்கம் ஓடினால் நம் குதிரை, இடப்பக்கம் ஓடினால் எதிரிக் குதிரை. 'இது புக்குல இல்ல', 'இதை விட்டுட்டான்' என்று ஆளாளுக்குக் கத்த, நானும் சேர்ந்து கத்தியதாகத்தான் ஞாபகம். என் நாத்தனார் வீட்டுக்காரர் ஒரு வரி படித்ததில்லை. ஆன்டெனா கம்பத்தைத் திருப்பிவிட மாடிக்கும் கூடத்துக்குமாக ஏறி இறங்கிக் களைத்துப் போயிருந்தார். கடைசியில் டிவிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு சொன்னார்: “படிச்சவங்கல்லாம் எழுந்து வெளிய போய்க்கினு இருங்க. எங்கள மாதிரி படிக்காதவங்க நிம்மதியா சீரியல் பாக்கணும்.”

மேரியம்மா கேட்ட நாலாம் பாகம்

மேரியம்மாவின் முழுப் பெயர் ஆரோக்கியமேரி. ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா. அப்பா அம்மா அடுத்தவர் கழனியில் நடவு நட்டவர்கள். இவரைச் சர்ச் சாமியார் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படிக்க வைத்திருந்தார்கள். ஒரே மகன் அந்தோணி. அவன்தான் முதலில் என் வாடிக்கையாளன். வேலப்பனோடு கூடவே சின்னான் என்று ஒரு சிப்பாய் வருவான். சமையல்கட்டில் திருடித் தின்பான், தளபதியையே கேலி பண்ணுவான். 'இது நான்தாம்மா' என்று அந்தோணி வீட்டில் சொல்லிச் சிரிப்பானாம். அவன் பட்டாளத்தில் சேர்ந்து போன பிறகு, மகன் விட்ட இடத்திலிருந்து மேரியம்மா படிக்க ஆரம்பித்தார். மூன்றாம் பாகம் முடித்தபோது, இலங்கைக்குப் போன நம் படையில் அந்தோணியும் போயிருந்தான். யாழ்ப்பாணத்துப் பக்கம் எங்கேயோ என்றுதான் தெரியும். அதற்கப்புறம் தகவல் இல்லை.

நாலாம் பாகத்தில் சின்னான் கோட்டை வாசலில் செத்துப்போகிறான். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. புத்தகத்தை எடுத்து உள்ளே அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டு, 'வெளிய போயிருக்குது மேரியம்மா' என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அவர் டியூட்டி முடிந்து வெள்ளைப் புடவையோடு வந்து கேட்பார், தலையாட்டுவார், போவார். ஒருநாள் என் வீட்டுக்காரர் ஒன்றும் தெரியாமல் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து அலமாரியில் செருகிவிட்டார். மேரியம்மா கண்ணில் அது பட்டுவிட்டது. கையில் எடுத்தவர் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

'சின்னான் செத்துடுவானா?' என்றார்.

கடை ஆரம்பித்ததிலிருந்து, படிப்பதற்கு முன்னால் ஒருவருக்கும் முடிவு சொன்னதில்லை. அன்றைக்கு 'ஆமாம்' என்றேன். சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னைத்தான் உட்காரச் சொல்லி, தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். பிறகு புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: “கதைல சாவுறவன் செத்துட்டுப் போவட்டும் கண்ணு. நெஜத்துல ஒண்ணும் ஆவாம இருந்தா எனக்குப் போதும்.”

சின்னான்

வாராவாரம் திண்டிவனம் போய் வருவது கட்டுப்படியாகவில்லை. அதனால் வீட்டுக்காரர் தவணையில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாங்கிக் கடையிலேயே வைத்துவிட்டார். வியாழக்கிழமையானால் புத்தக அலமாரிகளுக்கு நடுவில் பாய் விரித்து ஜனங்கள் உட்காருவார்கள். கம்பவுண்டர் வருவார். கோவிந்தசாமி மனைவியையும் கூட்டிக்கொண்டு, கடைசி பஸ்ஸை விடமாட்டேன் என்ற உறுதியோடு வருவார். மேரியம்மாவும் வர ஆரம்பித்தார். சீரியலுக்காக இல்லை. அடுத்து வருகிற செய்திக்காக. இந்தியிலும் இங்கிலீஷிலும் சொல்வதை என் வீட்டுக்காரர் கேட்டு, தெரிந்த வரைக்கும் தமிழில் சொல்வார். அதுவரைக்கும் மேரியம்மா கதவோரமாகச் சாய்ந்து, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சண்டை வந்தால் தெருப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

சின்னான் சாகிற வாரமும் வந்தது. கோட்டை வாசலில் ஈட்டி பாய்ந்து சின்னான் விழுந்தான். மேரியம்மா தெருவைப் பார்த்தபடி இருந்தார். கதைப்படி அவ்வளவுதான். ஆனால் டிவியில் வேலப்பன் ஓடிவந்து அவனைத் தோளில் தூக்கினான். வைத்தியர் வந்தார், பச்சிலை வந்தது, சின்னான் கண்ணைத் திறந்து 'சோறு இருக்கா?' என்றான். அந்த நடிகரை ஜனங்களுக்குப் பிடித்துப்போனதால் சாகடிக்காமல் விட்டார்கள் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

கடை கொந்தளித்துவிட்டது. கம்பவுண்டர் எழுந்து, 'இது அநியாயம், அவன் செத்தாத்தான் அடுத்த பாகமே இருக்குது' என்றார். 'ஏமாத்திப்புட்டானுங்க, டிவிக்காரனுக்கு எழுதிப் போடணும்' என்று கோவிந்தசாமி கையை ஓங்கினார். மேரியம்மா இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குச் சட்டென்று புரியவில்லை, இரண்டும்தான். சத்தம் அடங்காததைப் பார்த்துவிட்டு, அதுவரை அந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாதவர் அதட்டலாகச் சொன்னார்: “புக்குல செத்தா இன்னா, இதுல பொழச்சிக்கினான் இல்ல? உங்களுக்கு ஏன்யா வயிறு எரியுது?”

கோவிந்தசாமி உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி மட்டும் மேரியம்மா பக்கத்தில் நகர்ந்து போய் உட்கார்ந்தார். அன்றைய செய்தியில் இலங்கை பற்றி ஒன்றும் வரவில்லை.

வேற பாஷை

சீரியல் முடிவதற்குச் சில மாதம் முன்னால் தகவல் வந்தது. அந்தோணிக்குக் காலில் குண்டுச் சிதறல், சென்னையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், பயமில்லை. மேரியம்மா அன்றைக்கே ரயிலேறினார். இரண்டு மாதம் போல ஆகியிருக்கும், ஊன்றுகோலோடு அந்தோணி கடை வாசலில் நின்றான். இளைத்திருந்தான். 'அக்கா, நாலும் அஞ்சும் குடுங்க' என்றான். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டேன். அன்று வியாழக்கிழமை, கடைசி வாரம். கூட்டம் சேர்ந்தது. அவனும் பார்த்தான். இறுதிச் சண்டையில் வேலப்பன் ஒரு ஆளாக ஒரு பட்டாளத்தையே விரட்டினான். எதிரிகள் புரியாத பாஷையில் கத்திக்கொண்டு விழுந்தார்கள்.

முடிந்ததும் எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். கோவிந்தசாமிதான் கேட்டார், 'தம்பி, நெஜமான சண்டையும் இப்பிடித்தான் இருக்குமா?' அந்தோணி காலைத் தடவிக்கொண்டான். புத்தகத்தில் வருவது பரவாயில்லை என்றான். அதில் சிப்பாய்கள் காத்துக்கொண்டு கிடக்கிறார்கள், பசிக்கிறது, ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கொள்கிறார்கள், அதெல்லாம் நிஜம் என்றான். 'அப்ப டிவி?' என்றார் கம்பவுண்டர். அணைந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு அவன் சொன்னான்: “டிவில எதிரிக்கு வேற பாஷைங்க. அது ரொம்ப சௌகரியம். நான் போன எடத்துல தண்ணி குடுத்ததும் தமிழ்லதான், சுட்டதும் தமிழ்லதான்.”

கோவிந்தசாமிக்கு பஸ் நேரம் ஞாபகம் வந்தது. எழுந்தவர், அந்தோணியின் கையைப் பிடித்து எழுப்பிவிட்டு, வீடு வரைக்கும் கூடவே நடந்து போனார். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் அன்றைக்கு மேரியம்மா வீட்டில்தான் தங்கினார்கள் என்று மறுநாள் கேள்விப்பட்டேன்.

அஞ்சாம் பாகம்

சீரியல் நின்றதும் கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். டிவியில் வேறு சீரியல்கள் வந்தன. வேலப்பனைப் பாதிப் பேர் மறந்தார்கள். அந்தோணிக்குக் கால் சரியாகி, வடக்கே எங்கேயோ ஒரு முகாமில் ஸ்டோர் வேலை கொடுத்தார்கள். போகும்போது நாலாம் பாகத்தைத் திருப்பிக் கொடுத்தான். அஞ்சாம் பாகம் மட்டும் டிரங்குப் பெட்டிக்குள் கூடவே போய்விட்டது. கடையில் இருந்தது அந்த ஒரே பிரதி. கம்பவுண்டர் கேட்டார், நயினார் கேட்டார். நான் போய் மேரியம்மாவிடம் சொன்னேன். தபாலில் அனுப்பச் சொல்லி எழுதினால் நன்றாக இருக்கும் என்றேன்.

அவர் அடுப்பிலிருந்து கேப்பைக் களியை இறக்கி வைத்துவிட்டுத்தான் திரும்பினார். கோபமில்லை. எனக்குப் புரியவேண்டும் என்பதற்காக நிதானமாகச் சொன்னார்: “அவன் வர்றப்ப புக்கும் வரட்டும் கண்ணு. புக்கு மட்டும் தனியா பார்சல்ல வந்து எறங்குச்சுன்னாதான் எனக்கு பயம்.”

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அந்தோணி லீவில் வந்தான், புத்தகத்தை முகாமில் இன்னொரு தமிழ்ப் பையன் படித்துக்கொண்டிருந்ததால் அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தான். கொடுத்த புத்தகம் திரும்பி வராததற்காகக் காப்பி போட்டுக் கொடுத்து உபசரித்த ஒரே வாடகைப் புத்தகக் கடைக்காரி, எனக்குத் தெரிந்து, நான்தான்.